உழுவதற்கு முன் ஒரு குழி: மண் இறுக்கத்தையும் வேரையும் புரிந்துகொள்ள

புதிதாக நிலம் வாங்கியவர்களும், அப்பா விட்டுப்போன நிலத்துக்கு நகரத்திலிருந்து திரும்பி வந்தவர்களும் முதலில் கேட்பது, "எத்தனை உழவு ஓட்டணும்?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். யாரும் தப்பான பதில் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

செஞ்சி பக்கத்தில் கேணிக்கு மேற்கே எனக்கு ஒன்றரை ஏக்கர். சம்பா நெல் முடிந்ததும் தை மாதம் நிலக்கடலை போடுவோம், எங்கள் பேச்சில் மல்லாட்டை. முதல் வருடம் நெல் அறுவடையின்போது வயலில் இன்னும் ஈரம் இருந்தது. கிடைத்தது டயர் வைத்த அறுவடை வண்டி. அது போன சுவடு கணுக்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. மேலே கொஞ்சம் காய்ந்ததும், சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை இரண்டு தரம் ஓட்டினேன். மண் சலித்த மாவு மாதிரி கிடந்தது, பார்க்கவே அழகு. முளைப்பும் நன்றாக இருந்தது. ஐம்பதாவது நாளுக்கு மேல் தொல்லை ஆரம்பித்தது. தண்ணீர் கட்டி நான்கு நாள்கூட ஆகவில்லை, மதியம் இலையெல்லாம் மடங்கிவிடும். விதை சரியில்லை என்று முடிவு கட்டி அடுத்த வருடம் விதைக்கடையை மாற்றினேன். மறுபடியும் அதே கதை.

பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருநாள் வந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரை என் கையில் கொடுத்தார். ஆணிவேர் அரை அடி நேராகப் போய், அப்புறம் பக்கவாட்டில் எல் மாதிரி திரும்பியிருந்தது. "கீழ பாற தட்டுனா வேரு இப்பிடித்தான் திரும்பும். ஒன் நெலத்துல பாறையே கெடையாதேப்பா" என்றார். பாறை இருந்தது. நான் போட்ட பாறை: வண்டிச் சக்கரமும் ரோட்டவேட்டரும் இறுக்கிய மண் தட்டு.

சரி, நீங்கள் அதைப் போடாமலிருக்க, அல்லது ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் கண்டுபிடிக்க, என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: மண்வெட்டியும் ஒரு கத்தியும்

எந்தக் கலப்பைக்கும் சொல்லி அனுப்புவதற்கு முன் குழி தோண்டுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழம் இரண்டு அடி. மழை பெய்தோ தண்ணீர் கட்டியோ இரண்டு மூன்று நாள் கழித்துத் தோண்டுவது நல்லது. வயலில் பயிர் நிற்கும்போது, ஒரு செடியை ஒட்டித் தோண்டினால் இன்னும் நல்லது. ஒரே குழி போதாது. நடு வயலில் ஒன்று, டிராக்டர் திரும்பும் வரப்போரத்தில் ஒன்று, யாரும் உழாத வேலியோரத்தில் ஒன்று. அந்த வேலியோரக் குழிதான் உங்கள் அளவுகோல். உங்கள் மண் உழவே படாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அது காட்டும்.

குழியின் ஒரு சுவரை மண்வெட்டி தேய்த்த தடம் போகும்படி கத்தியால் லேசாகக் கொத்திவிடுங்கள். பிறகு கத்தி முனையால் மேலிருந்து கீழாக இரண்டு அங்குலத்துக்கு ஒரு தரம் குத்திப் பாருங்கள். நல்ல மண்ணில் கத்தி ஒரே சீராக இறங்கும். இறுக்கம் இருந்தால் ஓரிடத்தில் டக்கென்று நிற்கும், அதைத் தாண்டியதும் மறுபடி இளகும். நிற்கும் இடத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அளந்து எழுதி வையுங்கள். என் வயலில் ஆறு அங்குலத்தில் தொடங்கி ஒன்பதில் முடிந்தது. மூன்று அங்குலத் தட்டு, அவ்வளவுதான். அதற்குக் கீழே ஈரம் அப்படியே இருந்தது. மேலே செடி தாகத்தில் வாடிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உடையுங்கள். நல்ல மண் உருண்டை உருண்டையாக உதிரும். இறுகிய மண் அப்பளம் அடுக்கினதுபோல் படுக்கைவாட்டில் தகடு தகடாகப் பிரியும். வேர் அந்தத் தகடுகளுக்கு நடுவே நசுங்கிப் படுத்திருப்பதையும் சில சமயம் பார்க்கலாம்.

கம்பிச் சோதனை

எல்லா இடத்திலும் குழி தோண்ட முடியாது. அதற்கு 10 மில்லிமீட்டர் கம்பி மூன்றடி நீளத்தில் வாங்கி, மேலே குறுக்குக் கைப்பிடி பற்றவைத்து, நுனியைக் கூம்பாகத் தட்டிக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் அரை மணி நேர வேலை. மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். காய்ந்த மண்ணில் எல்லாமே பாறைதான், கம்பி பொய் சொல்லும்.

எவ்வளவு அழுத்தினால் இறுக்கம் என்று சொல்வது? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பு, அதாவது 2 மெகாபாஸ்கல், வந்துவிட்டால் பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பது மண்ணியலில் பொதுவாகக் கொள்ளும் எல்லை. 10 மில்லிமீட்டர் கம்பிக்கு அது சுமார் 16 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, கம்பியை ஊன்றி, 16 காட்டும்வரை அழுத்திப் பாருங்கள். நான்கைந்து தரம் செய்தால் கை அந்த அளவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வயலுக்குப் போய் இருபது இடங்களிலாவது குத்துங்கள். கம்பி அந்த அளவுக்கு முரண்டு பிடிக்கும் ஆழத்தில் விரலை வைத்து, வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில் மட்டும் நின்றால் அது கல்லாக இருக்கலாம். பதினைந்து இடங்களில் ஒரே ஆழத்தில் நின்றால் அது கலப்பை போட்ட தட்டு.

கணக்குப் பிரியர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 10 சென்டிமீட்டர் உள்விட்டமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட குழாய்த் துண்டை அந்த ஆழத்தில் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை மட்டும் எடுத்து, ஈரம் முழுக்கப் போகும்வரை உலர்த்தி எடை போடுங்கள். குழாயின் கொள்ளளவு 785 கன சென்டிமீட்டர். கிராமில் வந்த எடையை 785ஆல் வகுத்தால் மண்ணின் அடர்த்தி. களிமண்ணில் இது 1.47ஐத் தாண்டினால் வேருக்குத் தடை. மணற்பாங்கான மண் 1.7 வரைகூடத் தாங்கும், 1.8 அதற்கும் எல்லை. ஒரே எண்ணை எல்லா மண்ணுக்கும் வைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

வேருக்கு அங்கே என்ன நடக்கிறது

வேர் நுனிக்குப் பலம் உண்டு. அது மண்ணைத் தள்ளும் அழுத்தம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட மூன்று நான்கு மடங்கு வரும். ஆனாலும் பெரும்பாலான வேர்கள் இடித்துக்கொண்டு போவதில்லை, இருக்கிற சந்தில் நுழைந்துதான் போகின்றன. பழைய வேர் அழுகிய ஓட்டை, மண்புழு போன பாதை, வெடிப்பு, இவைதான் அதன் வழி. டிராக்டர் சக்கரம் நசுக்கும்போது முதலில் மூடிப்போவது இந்தப் பெரிய சந்துகள்தான். காற்று புழங்குவதும் மழைநீர் இறங்குவதும் இதே சந்துகள் வழியாகத்தான். ஆகவே இறுக்கம் என்பது வேருக்குக் கதவடைப்பு மட்டும் இல்லை, கீழே மூச்சு முட்டுவதும் கூடத்தான். நிலக்கடலை, உளுந்து வேர்முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும். முடிச்சு குறைந்து செடி வெளுக்கும், நாம் யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் வேர் எட்டாததால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாக்குறை மாதிரி இலை ஊதா நிறம் காட்டும். மண்ணில் மணிச்சத்து இருக்கும்.

2021இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் சீனாவின் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒரு குழு இதில் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. வேர் எப்போதும் எத்திலீன் வாயுவைக் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும். பழம் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். இளகிய மண்ணில் அது கலைந்து போய்விடும். இறுகிய மண்ணில் போக வழியில்லாமல் வேரைச் சுற்றியே தேங்கும். அந்தத் தேக்கத்தை உணர்ந்துதான் வேர் நீளுவதை நிறுத்திப் பருக்கிறது. எத்திலீனை உணர முடியாத நெற்செடிகளின் வேர்கள் அதே இறுகிய மண்ணுக்குள் இறங்கிக் காட்டின. அதாவது வேர் மோதித் தோற்று நிற்பது மட்டும் இல்லை, "இதற்கு மேல் வேண்டாம்" என்று தானே நிறுத்திக்கொள்வதும் உண்டு. படித்தபோது எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

நிலக்கடலைக்கு இதில் இரட்டை அடி. வேர் மட்டுமல்ல, பூ கருவுற்ற பின் இறங்கும் விழுதும் மண்ணைத் துளைத்துப் போக வேண்டும். மேல்மண் இறுகிவிட்டால் விழுது அந்தரத்தில் தொங்கிக் காயும். உள்ளே போய்க் காய் பிடித்தவையும் பிடுங்கும்போது அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். 40–45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது சுண்ணாம்புச் சத்துக்கும் கந்தகத்துக்கும் மட்டுமல்ல, அந்தச் சமயம் மேல்மண் பொலபொலவென்று இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

எந்த இறுக்கம் என்று பிரித்துப் பாருங்கள்

செம்மண்ணில் மழை அடித்து வெயில் காய்ந்ததும் மேலே ஒரு பொருக்கு கட்டும். முளைவிடும் விதையின் தலையில் ஓடு மாதிரி உட்காரும். இது அரை அங்குலச் சமாச்சாரம். தொழுவுரம், மட்கிய தென்னை நார்க்கழிவு, விதைத்த பின் லேசாக ஒரு தண்ணீர், இவற்றோடு சரியாகிவிடும். இதற்கு ஆழ உழுதால் காசுக்குத்தான் நஷ்டம்.

களர் மண் வேறு. அங்கே இறுக்குவது சோடியம், சக்கரம் இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி: காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவுக்கு எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றி அதில் மெதுவாகப் போடுங்கள். ஆட்டாதீர்கள். கட்டி வெறுமனே சரிந்து உதிர்ந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கல் பரவினால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். அது களர் என்று தெரிந்தால் ஜிப்சமும் வடிகாலும்தான் மருந்து. அடிமண்ணை ஆழக் கீறும் உளிக்கலப்பையால் கிழித்தாலும் முதல் மழையிலேயே மறுபடி மூடிக்கொள்ளும்.

கரிசல் இன்னொரு ஜாதி. கோவில்பட்டிப் பக்கம் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஓரளவு தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று சொல்லலாம். அங்கே அவசரப்பட்டு இரும்பை இறக்குவதைவிட ஒரு கோடை முழுக்க வெடிக்க விடுவது மேல்.

மிச்சம் இருப்பது கலப்பையும் சக்கரமும் சேர்ந்து போட்ட அடித்தட்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நெல்லுக்கு அது நண்பன்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சேற்றுழவு உழுவதே மண்ணைக் குழப்பி, கீழே ஒரு தட்டு உண்டாக்கத்தான். அந்தத் தட்டு இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது, டிராக்டரும் மாடும் புதையாமல் நடக்கின்றன. நெல் வேருக்குள் காற்று போகத் தனிக் குழல்கள் இருப்பதால் அதற்கு மூச்சு முட்டுவதில்லை. இரண்டு போகமும் நெல்லே போடுகிறவர் யாரோ சொன்னார்கள் என்று உளிக்கலப்பை ஓட்டினால், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், வயலில் தண்ணீர் நிற்காது.

இதற்கு நேர் எதிரான சிபாரிசும் உண்டு. ஆள் இறங்கினால் முழங்கால்வரை புதையும் தொளதொளத்த நெல் வயல்களை, 400 கிலோ எடையுள்ள கல் உருளையோ கல் நிரப்பிய இரும்பு உருளையோ கொண்டு எட்டுத் தரம் உருட்டி இறுக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இறுக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே எதிரி என்று நினைக்காதீர்கள். அது எந்த ஆழத்தில் இருக்கிறது, மேலே எந்தப் பயிர் நிற்கப் போகிறது என்பதுதான் கணக்கு.

நெல்லுக்குப் பின் உளுந்து, நிலக்கடலை, பருத்தி, மக்காச்சோளம் என்று போகிறவர்களுக்கு அதே தட்டுதான் சுவர். காவிரி டெல்டாவில் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறார்கள். நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். உழவே கிடையாது. மண் காய்ந்து இறுகுவதற்குள் உளுந்து வேர் இறங்கிவிடும், பிறகு மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு இந்த முறைக்குத்தான் பெரிய இடைஞ்சல். முளைத்த உளுந்தின் மேலேயே வண்டி ஏறுகிறது, சுவடு விழுந்த வரிசையில் செடியும் இல்லை, வேர் போக மண்ணும் இல்லை.

பதம் பார்ப்பது

எத்தனை உழவு என்பதைவிட எந்த ஈரத்தில் உழவு என்பது பெரிது. எனக்கு நேர்ந்த கேடெல்லாம் இதில்தான். மேலே வெளுத்துக் கிடந்தது, கீழே ஈரம். "இன்னிக்கு விட்டா பத்து நாளைக்கு வண்டி கெடைக்காது சார்" என்று டிரைவர் சொன்னதும் தலையாட்டிவிட்டேன்.

இப்படிப் பாருங்கள். கலப்பை எவ்வளவு ஆழம் போகுமோ அந்த ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுங்கள், மேலிருந்து அல்ல. கையில் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே இடியாப்ப நூலைவிடக் கொஞ்சம் பருமனாகத் திரியுங்கள். உடையாமல் திரி நீண்டால் இன்று உழவு இல்லை, வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். திரிக்கும்போதே உடைந்து உதிர்ந்தால் பதம். உருட்டவே வராமல் தூளாகப் போனால் காய்ந்துவிட்டது. சாதாரண உழவுக்கு அது கஷ்டம், உளிக்கலப்பைக்கு அதுதான் வேண்டும்.

ஈர மண்ணில் சக்கரத்தின் கீழ் மண்துகள்கள் வழுக்கி நெருங்கி உட்காரும். கலப்பையின் அடிப்பாகம் கரண்டியால் பூசுவதுபோல் சாலின், அதாவது உழுத பள்ளத்தின், அடியை மெழுகிவிடும். வருடா வருடம் அதே ஆழம், அதே மெழுகல். ஐந்தாறு வருடத்தில் தட்டு தயார்.

உளிக்கலப்பை, எப்போது, எப்படி

"அகல உழுவதை விட ஆழ உழு" என்று பெரியவர்கள் சொன்னதை எல்லோரும் சொல்லிக்காட்டுவார்கள். எவ்வளவு ஆழம் என்று குழிதான் சொல்ல வேண்டும். தட்டு ஒன்பது அங்குலத்தில் முடிகிறது என்றால் உளி பதினொன்று, பன்னிரண்டு அங்குலம் போனால் போதும். தட்டின் நடுவிலேயே நின்றால் பயனில்லை. மிக ஆழம் போனால் டீசல் வீண், அடியில் கிடக்கும் சத்தில்லாத மண்ணும் கிளறப்படும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: அரை மீட்டர் இடைவெளியில் ஒரு பக்கமாக ஓட்டி, பிறகு அதற்குக் குறுக்கே இன்னொரு தரம் ஓட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். கூடவே எக்டருக்கு 12.5 டன் தொழுவுரம் அல்லது மட்கிய தென்னை நார்க்கழிவு, ஏக்கர் கணக்கில் ஐந்து டன். இந்த எருவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உளி கிழித்த சந்து காற்றால் மட்டும் நிரம்பியிருந்தால் இரண்டு மழையில் சரிந்து மூடும். மட்குப் பொருளும் புதிய வேரும் அதற்குள் போனால்தான் நிலைக்கும்.

காலம் சித்திரை, வைகாசி. மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளி இழுத்தால் தட்டு பக்கவாட்டிலும் நொறுங்கி வெடிக்கும். மேலே மண் சற்றே உப்பி எழும்புவது தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஈரத்தில் இழுத்தால் வெண்ணெயில் கத்தி போட்ட கதை, ஒரு கீறல் விழும், சுவர் இரண்டும் மெழுகிக்கொள்ளும். முதல் இரண்டு சால் ஓட்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, குறுக்கே ஒரு குழி தோண்டிப் பாருங்கள். டிரைவர் முணுமுணுப்பார். பரவாயில்லை, டீ வாங்கிக் கொடுங்கள்.

டிராக்டர் 45 எச்.பி.க்குக் குறையாமல் இருந்தால் சிரமமில்லை. வாடகைக்கு வேளாண் பொறியியல் துறையிடம் கேட்கலாம், உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். கோடை முடியும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

உளி ஓட்டிய நிலம் பச்சைக்குழந்தை மாதிரி. இளகிய மண்ணில் எடை ஏறினால் முன்பிருந்ததைவிட மோசமாக இறுகும். அதன் மேல் எரு டிப்பரை ஓட்டுவது, இரண்டு தரம் ரோட்டவேட்டர் விடுவது எல்லாம் போட்ட காசை நாமே மிதித்து அழிப்பது. எருவை உளிக்கு முன்னாலேயே இறைத்துவிடுங்கள்.

ரோட்டவேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை

அது கெட்ட கருவி இல்லை. கடலை விதைக்க மேல்மண் பொடியாக வேண்டும், களையையும் தாளையும் கலக்க வேண்டும், அதற்கு நல்லது. ஆனால் அதன் கத்திகள் நாலு முதல் ஆறு அங்குலத்திலேயே சுற்றும், ஒவ்வொரு தரமும் அதே ஆழத்தில் அடியைத் தேய்க்கும். செம்மண்ணை மாவாக்கிவிட்டால் முதல் மழைக்கே பொருக்கு கட்டும். என் வழக்கம் இப்போது இப்படி: ஐந்து கொத்து அல்லது ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒரு உழவு, ஆழத்தை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாற்றி. கடலைக்கு மட்டும் கடைசியில் ஒரே ஒரு ரோட்டவேட்டர், அதையும் பதம் பார்த்து. மானாவாரித் துவரைக்கும் கம்புக்கும் நெல்லிக்காய் அளவுக் கட்டி கிடந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

சக்கரம் எங்கே ஓட வேண்டும்

சக்கரம் முதல் தரம் ஏறும்போதுதான் இறுக்கத்தின் பெரும்பங்கு நடந்துவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது தரம் சேர்ப்பது கொஞ்சம்தான். இதிலிருந்து ஒரு எளிய முடிவு வருகிறது: வயல் முழுக்கப் புதுப்புதுத் தடத்தில் ஒவ்வொரு தரம் ஓட்டுவதைவிட, ஒரே தடத்தில் பத்துத் தரம் ஓட்டுவது மேல். எருவண்டி, அறுவடை டிப்பர், மருந்தடிக்கும் வண்டி எல்லாவற்றுக்கும் வரப்போரம் ஒரே பாதையை வைத்து, அந்தப் பாதையைப் பலிகொடுத்துவிடுங்கள்.

டயர் அகலமாக இருந்தால் மேல்மண் தப்பிக்கும். ஆனால் அடியில் எவ்வளவு ஆழத்துக்கு நசுங்கும் என்பதை முடிவு செய்வது அச்சில் இறங்கும் மொத்த எடை. அகல டயர் போட்ட கனமான வண்டி மேலே சுவடே விடாமல் கீழே காரியத்தை முடித்துவிட்டுப் போகும்.

நெல் அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஈரம் இருந்தே தீரும் என்றால் டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டி கேளுங்கள், வாடகை கூடினாலும். நெல் நிரம்பியதும் வயல் நடுவில் டிப்பரைக் கொண்டுவந்து கொட்டுவதற்குப் பதில் வரப்புக்கு வந்து கொட்டச் சொல்லுங்கள். நேரமாகும் என்பார்கள். அறுவடைக்கு முந்தின நாளே பேசி வைத்தால் ஒத்துக்கொள்வார்கள்.

ஆட்டுக்கிடை போட்டால் மண் இறுகிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். காய்ந்த நிலத்தில் ஆட்டுக் குளம்பு மேலே ஓரிரு அங்குலத்தை மிதிக்கும், அவ்வளவுதான். அடுத்த உழவில் அது போய்விடும், புழுக்கையும் கோமியமும் தங்கும். ஈர நிலத்தில் மாடு கட்டுவதுதான் கூடாது.

வேரையே கலப்பையாக்குவது

இரும்பு கிழித்ததை வேர்தான் திறந்து வைத்திருக்கும். சணப்பையும் தக்கைப்பூண்டும் ஐம்பது நாளுக்குள் மடக்கி உழுதுவிடலாம், மண்ணுக்கு மட்கும் சேரும், அடியில் வேர் வழியும் கிடைக்கும். கொழுஞ்சி மெதுவாக வளரும், ஆனால் கோடையில் பிடுங்கிப் பாருங்கள், சுலபத்தில் வராது, அவ்வளவு ஆழம் போயிருக்கும். ஆடு மாடு அதிகம் வாய் வைக்காது என்பது உபரி லாபம். கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரு பருவம் துவரையோ ஆமணக்கோ போடுங்கள். அறுவடையில் தண்டை வெட்டி எடுத்துவிட்டு வேரைப் பிடுங்காமல் விடுங்கள். அது அழுகி விட்டுப்போகும் ஓட்டைகளில்தான் அடுத்த பயிரின் வேர் இறங்கும். மண்புழுவும் அதே வழியில் வரும்.

ஆனால் தட்டு மிகவும் இறுகிக் கிடந்தால் எந்தச் செடியும் முதலில் துளைத்துவிடாது. தக்கைப்பூண்டு போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்களின் வயலில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். முதலில் ஒரு தரம் உளி, உடனே ஆழவேர்ப் பயிர், அப்புறம் வருடாவருடம் தொழுவுரம். உழவே வேண்டாம் என்று முதல் வருடத்திலேயே நிறுத்திவிடுவதும் இதே காரணத்தால் தடுமாறும். இறுகிய நிலத்தை உழாமல் விட்டால் இறுகிய நிலமாகவே இருக்கும். தட்டை உடைத்து, மட்கு ஏற்றி, சக்கரத்துக்குப் பாதை ஒதுக்கிய பிறகு உழவைக் குறைத்துக்கொண்டே போங்கள். அதற்குப் பல வருடம் பிடிக்கும்.

மறு வருடம்

முதல் குழி தோண்டிய இடத்தைப் பக்கத்து வரப்பில் ஒரு கல் நட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அந்த இடத்துக்கு இரண்டு தப்படி தள்ளி, அதே ஈரத்தில், அதே பயிர் நிற்கும்போது தோண்டுங்கள். தோண்டிக் கலைத்த இடத்திலேயே மறுபடி தோண்டாதீர்கள், அங்கே மண் இளகித்தான் இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். சுவரில் அளவுநாடாவைத் தொங்கவிட்டு ஒரு போட்டோ எடுங்கள். கத்தி நிற்கும் ஆழம், வேர் போன ஆழம், மண்புழு எத்தனை, இந்த மூன்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

என் நோட்டில் முதல் வருடம் வேர் ஆறு அங்குலம். உளி ஓட்டி, தக்கைப்பூண்டு மடக்கி, அதற்கடுத்த மல்லாட்டையில் பதினான்கு. வரப்போரத்தில், டிராக்டர் திரும்பும் இடத்தில், இன்றும் ஏழுதான். அங்கே வண்டி திரும்பாமல் எப்படி உழுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.